மூன்று மணிக்கு முன் எடுத்த திருவிருந்து: ஒரு யாழ்ப்பாண ஊழியப் பயணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. ராட்டினத்தில் ஏறமாட்டேன். லிஃப்டில் தனியாகப் போகமாட்டேன். பக்கத்து வீட்டு நாய் கட்டிப்போட்டிருந்தாலும் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பேன். அப்படிப்பட்டவள் போன ஆகஸ்ட் மாதம் பாளையங்கோட்டையிலிருந்து கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ஊழியப் பயணம் போய்வந்தேன் என்றால், அதற்கு ஒரே காரணம் என் கணவர் செல்வின். எங்கள் சபை ஜெபக் குழுவிலிருந்து ஒன்பது பேர் போவதாக முடிவானதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒரு நாளைக்கு இரண்டு முறை இன்சுலின். அவரைத் தனியாக அனுப்பப் பயந்துதான் நானும் போனேன்.

இதே மாதிரி உங்கள் சபையிலிருந்தும் போக நினைப்பவர்கள் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதனால் வழியையும் செலவையும் எழுதுகிறேன். ஆனால் உண்மையில் எழுத வந்தது வேறு. அது நடுவில் வரும்.

பாளையங்கோட்டையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு வேனில் போனோம். அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். போக, வர ஒருவருக்கு ஏறக்குறைய எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. கட்டணமும் ஓடும் நாட்களும் அடிக்கடி மாறுகின்றன, மழைக்காலத்தில் கப்பல் நின்றுவிடும், ஆகவே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அந்த நான்கு மணி நேரமும் நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. செல்வின் மட்டும் கடலைப் பார்த்துக் கைதட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். என் மடியில் ஐஸ் போட்ட சின்ன ஃபிளாஸ்க், அதற்குள் அவருடைய இன்சுலின்.

எங்கள் குழுவை நடத்திய பாஸ்டர் ஜெயராஜ் ஏற்கெனவே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அங்குள்ள சபையார் பாலர் பள்ளிக்குப் பெயிண்ட் அடிக்கவும் அவர்களுடைய ஆராதனையில் உட்காரவும்தான் நம்மை அழைத்திருக்கிறார்கள், தெருவில் பிரசங்கம் கிடையாது, துண்டுப் பிரதி கிடையாது, யாராவது ஏடாகூடமாக எதையாவது செய்தால் ஒன்பது பேரையும் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்றார். அது போதாதா எனக்கு? காங்கேசன்துறையில் சுங்க அதிகாரி ஃபிளாஸ்கைத் திறக்கச் சொன்னபோது மூடியைத் தவறான பக்கம் திருகிக்கொண்டு நின்றேன்.

"உது என்ன மருந்து அம்மா?"

"இன்சுலின் சார். இவருக்கு."

டாக்டர் சீட்டைப் பார்த்தார், தலையாட்டினார், போகச் சொன்னார். அவ்வளவுதான். நான் அதற்காக மூன்று ராத்திரி தூங்கவில்லை.

வெளியே வான் காத்திருந்தது. அங்கே வேன் இல்லை, வான். ஓட்டுநர் சிவநேசன், நாற்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு. நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதால் விரதம் இருப்பதாகச் சொன்னார். ஒரு நேரச் சாப்பாடுதான், அதுவும் மரக்கறி. மானிப்பாய்க்குப் பதினைந்து பதினாறு கிலோமீட்டர்தான் இருக்கும். வழியெல்லாம் பனை, வெங்காயத் தோட்டம், சைக்கிளில் போகிற பள்ளிப் பிள்ளைகள். பார்க்க அமைதியான ஊர். எனக்கு அமைதியான ஊர் என்றாலும் பயம்தான்.

மானிப்பாயில் எங்களுக்கு வீடு கொடுத்தவர் றோசலின் அக்கா. அறுபது வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை, தலைமுறை தலைமுறையாக மிஷன் சபைக் குடும்பம். வாசலிலேயே திட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"வாங்கோ, வாங்கோ, களைச்சுப் போய் வந்திருக்கிறியள். ஆம்பிளையள் எல்லாரும் பின்னாலை மண்டபத்திலை படுக்கட்டும். பொம்பிளையள் என்னோடை வீட்டுக்கை. சாப்பாடும் அப்பிடித்தான், அங்கை வேறை, இங்கை வேறை."

ஊழியப் பயணங்களில் இது வழக்கம்தான். கணவன் மனைவியாக வந்தாலும் சகோதரர்கள் ஒரு பக்கம், சகோதரிகள் ஒரு பக்கம். நான் தயங்கித் தயங்கி இன்சுலின் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன பிள்ளை, என்ரை பிறிஜ்ஜுக்கை வையுங்கோ. காலமையும் இரவும் அவர் பின் கதவடிக்கு வரட்டும், நீங்கள் எடுத்துக் குடுங்கோ."

அப்படியே நடந்தது. தினமும் காலை ஏழு மணிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் செல்வின் கிணற்றடிக்கு வருவார். நான் ஊசியைக் கொடுப்பேன். வயிற்றில் குத்திக்கொண்டு, "சாப்பிடப் போறேன்" என்று மண்டபத்துக்குப் போவார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாத நாட்கள் அவை. முதல் மூன்று நாளும் ஒரு குறையும் இல்லை. பாலர் பள்ளிச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்து, மஞ்சள் பட்டை போட்டு முடித்தோம். செல்வின் ஏணியில் ஏறி நின்றதைப் பார்க்காமல் இருக்க நான் வாளி கழுவப் போய்விட்டேன்.

நான்காம் நாள் உபவாச ஜெபம். காலையிலிருந்து மாலை மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை. மூன்று மணிக்குத் திருவிருந்து எடுத்து உபவாசத்தை முடிப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் மாலையே பாஸ்டர் தெளிவாகச் சொன்னார், மாத்திரை போடுகிறவர்கள், முடியாதவர்கள் சாப்பிடலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று. இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அவரைத் திட்டத் தோன்றும்.

மூன்றாம் நாளான அன்று மாலை றோசலின் அக்காவோடு அடுப்படியில் உட்கார்ந்து திருவிருந்து ரசத்துக்காகத் திராட்சை உதிர்த்தேன். அவர் வீட்டுப் பந்தலிலேயே காய்த்தது. அங்கே அதை முந்திரிகை என்கிறார்கள். காய்ச்சிப் பிழிந்து அக்கா சீனியை அள்ளி அள்ளிக் கொட்டினார்.

"இவ்வளவா அக்கா?" என்றேன். சர்க்கரைக்காரர் பெண்டாட்டிக்குச் சீனியைக் கண்டாலே கரண்டி எண்ணத் தோன்றும்.

"எங்கடை முந்திரிகை புளிக்கும் பிள்ளை. சீனி காணாட்டில் பாஸ்டர் முகத்தைச் சுழிப்பார்."

மறுநாள் காலை கிணற்றடியில் செல்வின் வழக்கம்போல ஊசி போட்டார். அவர் ஒருவருக்காக அக்கா புட்டும் சம்பலும் செய்து, தட்டால் மூடி, மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார். "புட்டு வந்திருக்கும், சாப்பிட்டுட்டு உட்காருங்க" என்றேன். "சரி, சரி" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று முடி வாரப் போனேன்.

மண்டபத்தில் பாய் விரித்து ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். முன்னால் ஒரு மேசை, வெள்ளைத் துணி போர்த்திய தட்டில் அப்பமும் குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் திராட்சை ரசமும். உள்ளூர்ச் சபையார் பத்துப் பேர் வந்திருந்தார்கள். மின்விசிறி ஒன்றுதான், அதுவும் ஆண்கள் பக்கம். பதினொரு மணி வரை பாட்டு, வசனம், சாட்சி என்று நன்றாகவே போனது. பிறகு எல்லோரும் சத்தமாகத் துதிக்க ஆரம்பித்தோம்.

பன்னிரண்டு மணி வாக்கில் செல்வினுடைய முதுகைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறவருக்கு அப்படி ஏன் வேர்க்க வேண்டும்? அவர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. கை நடுங்கியது.

பாஸ்டர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்தது. பக்கத்தில் வந்து தலையில் கை வைத்து, "நிரப்புங்க ஆண்டவரே, இன்னும் நிரப்புங்க" என்று ஜெபித்தார். ஆவியானவர் நிரப்பி அந்நிய பாஷை பேச வைக்கிறார் என்று எல்லோருக்கும் உற்சாகம். துதி இரண்டு மடங்காகிவிட்டது. பன்னிரண்டு வருடமாகச் செல்வின் இந்த வரத்துக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார். அது எனக்கும் தெரியும். சபைக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை உள்ளபடி சொல்கிறேன். சர்க்கரை இறங்கியிருக்குமோ என்று ஒரு பயம். ஒருவேளை இது நிஜமாகவே ஆண்டவருடைய காரியமாக இருந்து, நான் குறுக்கே போய்க் கெடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. நான் விசுவாசி, எனக்கு அதில் விளையாட்டு கிடையாது. புட்டு சாப்பிட்டிருப்பார், சாப்பிட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முட்டி போட்டபடியே இருந்தேன்.

அப்போது செல்வின் பாஸ்டருடைய கையைத் தட்டிவிட்டார். வெடுக்கென்று. பிறகு அவரை ஏதோ திட்டினார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். பாஸ்டர் ஒரு அடி பின்னால் போனார். அவர் குரல் மாறிவிட்டது. இப்போது நிரப்பச் சொல்லவில்லை, பிசாசை வெளியே போகச் சொல்லிக் கட்டளையிட்டு ஜெபிக்கத் தொடங்கினார். இரண்டு சகோதரர்கள் செல்வினுடைய தோளை அழுத்திப் பிடித்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த பெண் "இயேசுவே, இயேசுவே" என்று அழ ஆரம்பித்தாள்.

பிடித்திருந்த கைகளுக்கு நடுவில் செல்வினுடைய இடது கை மட்டும் வெளியே தெரிந்தது. அது சட்டையின் இரண்டாவது பித்தானைத் திருகிக்கொண்டிருந்தது. திருகுவதும் விடுவதும், திருகுவதும் விடுவதும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சர்க்கரை இறங்கும்போதெல்லாம் அவர் கை அந்தப் பித்தானுக்குத்தான் போகும். எத்தனை சட்டையில் அந்த இரண்டாவது பித்தானைத் தைத்திருக்கிறேன்!

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. முக்காடு நழுவி விழ, பாயைத் தாண்டி ஆண்கள் பக்கம் ஓடினேன். "விடுங்க அவரை! சுகர் இறங்கிட்டு! சீனி, யாராவது சீனி கொண்டாங்க!" என்று கத்தினேன். துதிச் சத்தத்தில் என் குரல் யாருக்குக் கேட்கும்? பத்தொன்பது பேர் உபவாசம் இருக்கிற மண்டபம். ஒரு பிஸ்கட் கிடையாது, ஒரு மிட்டாய் கிடையாது. என் கைப்பையில் எப்போதும் இருக்கும் குளுக்கோஸ் பொட்டலம் வீட்டுக்குள், கட்டிலில் கிடந்தது. கண் முன்னால் இருந்தது மேசை மட்டும்தான்.

வெள்ளைத் துணியை விலக்கினேன். அவசரத்தில் இரண்டு கிண்ணம் கவிழ்ந்து துணியெல்லாம் சிவப்பாகிவிட்டது. யாரோ "ஐயோ" என்றார்கள். அந்த "ஐயோ" முதுகில் குத்தியது. திருவிருந்தைத் தகுதியில்லாமல் தொட்டவர்களைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். இருந்தாலும் ஒரு கிண்ணத்தை எடுத்துச் செல்வின் வாயில் வைத்தேன். அவர் அப்போது உட்கார்ந்துதான் இருந்தார், விழுங்கினார். இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு மடக்குக்கு மேல் இல்லை.

துதி நின்றுவிட்டது. அந்த அமைதியில் றோசலின் அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"கிண்ணத்தாலை பருக்கிக்கொண்டு நிக்காதையுங்கோ பிள்ளை! மிச்சம் போத்திலிலை இருக்கு, இந்தாங்கோ!"

மேசைக்கு அடியிலிருந்து போத்தலை எடுத்து என் கையில் திணித்தார். முந்தின நாள் அவர் அள்ளிக் கொட்டிய சீனி அத்தனையும் அதற்குள்தான் இருந்தது. பாதிப் போத்தல் உள்ளே போனதும் செல்வினுடைய கண் என் மேல் நின்றது. ஆனாலும் என்னை அடையாளம் தெரியவில்லை. அதைவிடப் பயங்கரமான ஒன்றை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

அக்கா வெளியே பார்த்து, "சிவநேசன், வானை எடும்!" என்றார். பாஸ்டர் என் பக்கத்தில் குனிந்து, "சிஸ்டர், ஆஸ்பத்திரிக்குப் போனா பாஸ்போர்ட் கேப்பாங்க. போலீஸ் வந்தா மொத்த டீமுக்கும் பிரச்சினை. கொஞ்சம் பார்த்துட்டு..." என்று ஆரம்பித்தார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

"அனுப்பட்டும் பாஸ்டர். எல்லாரையும் அனுப்பட்டும். இவரோட ஊருக்குப் போனாப் போதும் எனக்கு" என்றேன். செல்வினுடைய காலைத் தூக்கியது பாஸ்டர்தான். கதவோரம் போகும்போது மூலையில் தட்டால் மூடிய பாத்திரத்தைப் பார்த்தேன். புட்டு ஒரு வாய்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

வானில் சிவநேசன் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "பயப்பிடாதையுங்கோ அக்கா, கிட்டத்தான். அண்ணையை நித்திரை கொள்ள விடாதையுங்கோ. ஏதாவது கதைச்சுக்கொண்டு இருங்கோ."

என்ன கதைப்பது? கடைசியில் வீட்டில் கேஸ் புக் பண்ணவில்லை, மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று குறை சொல்லிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர், "எஸ்தர், மோட்டாரைப் போன வாரம்தானே சரி பண்ணினேன்" என்றார். நான் அவர் மடியில் விழுந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை ஐம்பத்திரண்டு. அவ்வளவு ரசம் குடித்த பிறகு ஐம்பத்திரண்டு என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்க இப்போதும் எனக்குத் துணிச்சல் இல்லை. ஊசியின் வேகம் இன்னும் அடங்கவில்லை, திரும்பவும் இறங்கலாம் என்று சொல்லிக் குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் வரை வைத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட் கேட்டார்கள்தான். பெயரை எழுதிக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார்கள். போலீஸ் வரவில்லை. தாதி மட்டும், "ஊசியும் போட்டு விட்டு ஏன் சாப்பிடாமல் இருந்தவர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அவருடைய கட்டில் விரிப்பைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

சிவநேசன் பிளேன்ரீ, அதாவது பால் விடாத தேநீர், வாங்கி வந்து நீட்டினார். ஒரே ஒரு கோப்பைதான். "உங்களுக்கு?" என்றேன்.

"நான் விரதம் அக்கா. நீங்கள் குடியுங்கோ."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த ஊரில் இன்றைக்குச் சாப்பிட்டவர் ஒருவராவது உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களோடு வந்திருந்த பாஸ்டர் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "அபிஷேகம்னு நெனச்சேன் சிஸ்டர். அப்புறம் பிசாசுன்னு நெனச்சேன். பசின்னு மட்டும் தோணலை" என்றார். நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

செல்வின் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, ஏன் சாப்பிடவில்லை என்பதுதான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் உபவாசம் இருக்காங்க, நான் மட்டும் மூலையில உக்காந்து புட்டு மெல்லவா? ஊழியத்துக்கு வந்தவன் நான். நோயாளியா வரலை" என்றார். அப்படியானால் ஊசியை ஏன் போட்டீர்கள் என்றேன். "நீ பார்த்துக்கிட்டு நின்னியே" என்றார். என் பயத்துக்காக ஊசி, சபைக்காகப் பட்டினி. இரண்டும் சேர்ந்து அவரை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

மறுநாள் மானிப்பாய்க்குத் திரும்பியபோது மேசைத் துணி துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பு முழுதாகப் போகவில்லை. நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"முந்திரிகை இன்னும் பந்தலிலை கிடக்குது. பின்னேரம் காய்ச்சுவம்" என்றார், அவ்வளவுதான். அன்று மாலை எல்லோரும் இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட பிறகே திருவிருந்து எடுத்தோம். அந்தக் கறை படிந்த துணியைத்தான் விரித்தார்கள். நான் செல்வின் பக்கத்தில், ஆண்கள் பாயில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த சகோதரர் நகர்ந்து இடம் விட்டார்.

ஊழியப் பயணம் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல முடிந்தது இதுதான். எந்த விசாவில் போகிறீர்கள், அதில் என்ன செய்யலாம் என்பதை அங்குள்ள சபை வழியாக முன்பே கேட்டு முறைப்படி போங்கள். பயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊழியம் செய்ய முடியாது. மருந்துக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். ஒரு வேனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது எல்லாவற்றையும் விட மோசம். ஜெபத்தில் ஒருவருக்கு வேர்த்து, பேச்சுக் குழறினால், முதலில் இனிப்புக் கொடுங்கள், பிறகு ஜெபியுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியாகப் படுக்க வையுங்கள், பரவாயில்லை, சாப்பாட்டுக்காவது ஒன்றாக உட்கார விடுங்கள்.

போன மாதம் இங்கே எங்கள் சபையில் உபவாச ஜெபம். செல்வின் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டார். சட்னி ஊற்றியது பாஸ்டர். பிறகு கைகழுவிவிட்டு வந்து முட்டி போட்டார். துதி தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். என்னால் மூட முடியவில்லை. இப்போதெல்லாம் ஜெபத்தில் நான் கண்ணை மூடுவதே இல்லை. அவருடைய இரண்டாவது பித்தானைப் பார்த்துக்கொண்டேதான் ஆமென் சொல்கிறேன்.